படத்தின் மேல் பெயர் பொருத்த: ஓவர்பிக்கா, டிக்-இசட்டா?

கட்டளைகளை எழுதி நூலை அச்சுக்கோக்கும் லாடெக் மென்பொருளில் ஒரு தாவரவியல் கையேட்டைத் தொகுத்தபோது, பூவின் நெடுக்குவெட்டுப் படத்தின் மேல் சூலகமுடி, சூலகப்பை, மகரந்தப்பை எனப் பெயர்களைப் பொருத்த வேண்டியிருந்தது. படத்திலேயே எழுதிவிடும் வழியை முதலிலேயே ஒதுக்கினேன். படத்தைச் சுருக்கினால் எழுத்தும் சுருங்கும், எழுத்துருவும் பக்கத்தோடு ஒட்டாது. எஞ்சியவை லாடெக்கோடு சேர்த்துப் பயன்படுத்தும் துணைத் தொகுப்புகளான ஓவர்பிக்கும் டிக்-இசட்டும்.

ஓவர்பிக் எளிது. 'கிரிட்' என்ற விருப்பத்தைக் கொடுத்தால் படத்தின் மேல் கட்டங்கள் விழும். அவற்றைப் பார்த்து 'புட்' கட்டளையில் இரண்டு எண்களை இட்டால் போதும். இனி மாறாத படமென்றால் இதற்கு மேல் எதுவும் தேவையில்லை.

என் படங்களோ மாறிக்கொண்டே இருந்தன. விகிதம் மாறாமல் படத்தின் அளவை மட்டும் கூட்டிக் குறைத்தால் இரண்டிலுமே பெயர்கள் இடம் பிசகுவதில்லை. ஓரங்களை வெட்டும்போதுதான் வேறுபாடு தெரிகிறது. ஓவர்பிக் இயல்பாகப் படத்தின் நீளமான பக்கத்தையே 100 எனக் கொள்கிறது. 1200-க்கு 800 புள்ளி அளவுள்ள படத்தில் நடு உயரம் ஏறத்தாழ 33. பக்கவாட்டில் வெட்டி 700-க்கு 800 ஆக்கியதும் அதே நடு உயரம் 50 ஆகிவிடுகிறது. உயரத்தைத் தொடவே இல்லை, ஆனாலும் எல்லாப் பெயர்களும் கீழே இறங்கி நின்றன. டிக்-இசட்டில் படத்தை ஒரு கணுவாக, அதாவது பெயரிட்ட ஒரு பெட்டியாக வைத்து, அதன் கீழ் விளிம்பையும் இடது விளிம்பையும் இரு அச்சுகளாக்கினால் ஒவ்வொன்றும் தனித்தனியே 0 முதல் 1 வரை ஓடும்; நடு உயரம் எப்போதும் 0.5. கிடை எண்களை மட்டும் திருத்தினால் வேலை முடிந்தது.

இதிலும் பொறிகள் உண்டு. கணுவின் உள் இடைவெளியான 'இன்னர் செப்' அளவைச் சுழியமாக்க மறந்தால் படத்தைச் சுற்றி மெல்லிய இடைவெளி விழுந்து, ஓரத்துப் பெயர்கள் சற்றே விலகும். முதல் நாள் இதிலேயே கழிந்தது. படத்தின் மேல் வட்டம் வரையும்போது அதன் ஆரத்தை அலகின்றிக் கொடுத்தால், சதுரமல்லாத படத்தில் அது நீள்வட்டமாகும். '3pt' என அலகோடு கொடுப்பதே முறை. பெயரிலிருந்து உறுப்புக்குக் கோடு இழுப்பதும், எல்லாப் பெயர்களின் பின்னணியையும் ஒரே வரியில் மாற்றுவதும் இங்கே எளிது.

டிக்-இசட்டால், லாடெக் ஆவணத்தை உருவாக்க எடுக்கும் நேரம் சற்றுக் கூடியது. இருபது படங்களில் அது உறுத்தவில்லை. நூற்றுக்கணக்கில் சேர்த்துப் பார்த்ததில்லை. அட்டைப்படத்துக்கு ஒரே ஒரு பெயர்தான், அது இன்றும் ஓவர்பிக்கிலேயே இருக்கிறது.