மரகதம் என்று விற்கப்பட்ட புளோரைட்: பச்சைக்கல் மோதிரம் வாங்கவிருப்போர் கவனத்திற்கு

மகனுக்குப் புதன் தசை தொடங்குகிறது, சுண்டு விரலில் மரகதம் அணிவது நல்லது என்று சோதிடர் கூறியதால், சென்ற ஆவணியில் ஒரு நகைக்கடையில் 4.2 கேரட் கல் ஒன்றைத் தேர்ந்தெடுத்து மோதிரம் செய்யக் கொடுத்தோம். தங்கமும் கூலியும் நீங்கலாகக் கல்லுக்கு மட்டும் 38,000 ரூபாய் ஆயிற்று. ஏழு மாதம் கழித்து, அது மரகதமே அன்று, புளோரைட் என்னும் மென்மையான கல் என்று ஆய்வகச் சான்றிதழ் வந்தது. ராசிக்கல்லில் எனக்கு நம்பிக்கை உண்டா என்பது வேறு விஷயம். பணம் கொடுத்தவன் நான்.

கடைக்காரர் சும்மா பேசி விற்கவில்லை, இரண்டு சோதனைகளைச் செய்து காட்டினார் என்பதால்தான் இதை விரிவாக எழுதுகிறேன். முதலில், ஏறக்குறைய அதே அளவுள்ள கண்ணாடிக் கல் ஒன்றையும் இதையும் தராசில் மாற்றி மாற்றி வைத்து, கண்ணாடிக்கு இந்தக் கனம் வராது என்றார். சாதாரணக் கண்ணாடியைப் பொறுத்தவரை அது உண்மைதான். ஆனால் மரகதத்திற்கும் அந்தக் கனம் வராது என்பதை அவர் சொல்லவில்லை. மரகதத்தின் ஒப்படர்த்தி (அதே கன அளவுள்ள நீரைவிட எத்தனை மடங்கு கனம் என்ற எண்) சுமார் 2.7, புளோரைட்டுக்கு 3.18, அதாவது ஒரே அளவுள்ள இரண்டில் புளோரைட் ஆறில் ஒரு பங்கு கூடுதலாக எடை நிற்கும். அடுத்து, கள்ளநோட்டு பார்க்கும் புற ஊதா டார்ச்சை அடித்தார். கல் நீலமாக ஒளிர்ந்தது. உயிருள்ள கல் இப்படித்தான் ஒளிரும் என்றார். நாங்களும் வாயைப் பிளந்து பார்த்தோம். இவ்வாறு ஒளிர்வது புளோரைட்டுக்கே பேர்போன குணம். 1852-இல் ஜார்ஜ் ஸ்டோக்ஸ் இந்த ஒளிர்வுக்கு ‘புளோரசென்ஸ்’ என்று பெயரிட்டதே இந்தக் கனிமத்தை வைத்துத்தான். மரகதம் பெரும்பாலும் அந்த ஒளியில் சும்மா இருக்கும், அல்லது மங்கலாகச் சிவக்கும்.

இரண்டு மாதத்திலேயே பட்டைகளின் விளிம்புகள் மழுங்கி, மேல்முகம் ஊதிவிட்ட கண்ணாடிபோல் மங்கிவிட்டது. கனிமங்களின் கடினத்தை ஒன்று முதல் பத்து வரை குறிக்கும் மோஸ் அளவுகோலில் நான்காம் எண்ணுக்குரிய கனிமமே புளோரைட்தான். மரகதம் ஏழரைக்கு மேல். தெருப் புழுதியில் இருக்கும் குவார்ட்ஸ் துகளின் கடினம் ஏழு என்பதால், நாள்தோறும் பைக்கில் கல்லூரிக்குப் போய்வரும் பையனின் விரலில் புளோரைட் தாக்குப்பிடிக்க வாய்ப்பே இல்லை.

அழுக்கு என்று நினைத்து நான் பத்தரிடம் கொண்டுபோனேன். அவர் வழக்கம்போல் பூந்திக்கொட்டை நீரில் கொதிக்கவைத்து எடுத்துப் பச்சைத் தண்ணீரில் போட்டார். ‘டிக்’ என்று ஒரு சத்தம் கேட்டது, கல் உடைந்துவிட்டது. அவரைக் குறை சொல்ல மாட்டேன், அவரும் மரகதம் என்றே நம்பினார். (விரிசலை மறைக்க எண்ணெய் ஊட்டும் வழக்கம் இருப்பதால் மரகதத்தையும் இப்படிக் கொதிக்கவைக்கக் கூடாது என்பதை இருவருமே பின்னால்தான் அறிந்தோம்.)

திருச்சியில் பல ஆண்டுகள் கல்லுக்குப் பட்டை தீட்டிய உறவினர் ஒருவர், லென்ஸை வைத்துப் பார்த்த மாத்திரத்தில் கண்டுபிடித்துவிட்டார். உடைந்த இடம் கரடுமுரடாக இல்லாமல் கண்ணாடித் தகடுபோல் சமமாக இருந்தது, அதற்குள் வானவில் நிறம் ஓடிற்று. புளோரைட் நான்கு திசைகளில் சீராகப் பிளக்கும் இயல்புடையது. இலேசான தட்டோ, திடீர்ச் சூடோ, குளிரோ போதும். ஆய்வகத்தில் ஒளிவிலகல் எண் (கல்லுக்குள் ஒளி எவ்வளவு வளைகிறது என்பதைக் காட்டும் அளவு) 1.43 என்று வந்தது, மரகதமாயின் 1.57-ஐ ஒட்டி வந்திருக்க வேண்டும்.

புளோரைட்டின்மேல் எனக்குக் கோபமில்லை. எஃகு ஆலையில் கசடை எளிதில் உருகவைக்கும் இளக்கியாகவும் உயர்தர லென்ஸாகவும் பயன்படுவது அது. பச்சை, ஊதா, மஞ்சள் என ஒரே கல்லில் பட்டை பட்டையாக நிறம் காட்டும் அழகும் அதற்கு உண்டு. தெரிந்தே வாங்குவோர் மோதிரத்தைத் தவிர்த்துப் பதக்கமாகவோ தோடாகவோ செய்துகொள்ளலாம். வெதுவெதுப்பான சோப்பு நீரில் மென்துணியால் துடைத்தால் போதும். அல்ட்ராசோனிக் தொட்டி, நீராவி, அமிலம் எதுவும் ஆகாது. மற்ற நகைகளோடு உரசாமல் தனித் துணியில் சுற்றி, வெயில் படாத இடத்தில் வைக்க வேண்டும், ஏனெனில் சில கற்களின் நிறம் வெளிச்சத்தில் வெளுத்துவிடும்.

கடைக்குச் சான்றிதழோடு போனபோது, பில்லைப் பாருங்கள் என்றார்கள். அதில் ‘பச்சைக்கல் மோதிரம்’ என்று மட்டுமே இருந்தது. மரகதம் என்ற சொல் எங்கும் இல்லை. வேறு நகை எடுத்தால் 5,000 ரூபாய் கழித்துத் தருவதாகச் சொன்னதை மறுத்துவிட்டேன். கல்லின் பெயரையும் அது இயற்கையானதா என்பதையும் பில்லில் எழுதச் சொல்லாமலும், மோதிரத்தில் பதிக்கும் முன் உதிரிக் கல்லாகவே ஆய்வகத்திற்கு அனுப்பாமலும் விட்டது என் பிழை. 1915 என்ற நுகர்வோர் உதவி எண்ணில் பேசிய பிறகு, மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுக் கொடுத்திருக்கிறேன். சான்றிதழோடு இணைத்திருப்பது ஒரு வாட்ஸ்அப் செய்தியின் படம்; மோதிரம் தயாரான அன்று கடையிலிருந்து வந்தது: “சார், உங்க மரகத மோதிரம் ரெடி.”