ஏழு வருஷமா ஒரே ஆர்: எஃப்-பை-எச் மாடலோடு நான் படும் பாடு

ஜூனியர் பையன் ஒருவன் போன வாரம் கேட்டான்: "அண்ணா, ஆர்க்டிக் நீரோட்டத்துல தீசிஸ் பண்ணப்போறேன். நீங்க வெச்சிருக்கீங்களே அந்தக் குட்டி மாடல், அதையே எடுத்துக்கட்டுமா?" ஒரு வரியில் பதில் போடலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஏழு வருஷத்து எரிச்சல் மொத்தமும் கிளம்பிவிட்டது.

அவன் கேட்பது எஃப்-பை-எச் மாடலை; காற்றை வைத்துக் கடல் நீரோட்டத்தைக் கணக்கிடுவது. இந்தப் பக்கம் வேலை செய்பவர்களுக்குத் தெரிந்ததுதான். 2003இல் ஈசக்சன், லகாஸ் ஆகிய ஆய்வாளர்களின் குழு நோர்டிக் கடல்களுக்கும் (நார்வேக்கும் கிரீன்லாந்துக்கும் நடுவே இருப்பவை) ஆர்க்டிக்குக்கும் போட்டுக் காட்டியது. துருவத்துப் பக்கம் பல இடங்களில் கடல்நீரின் அடர்த்தி மேலிருந்து கீழ்வரை அதிகம் மாறாது. அதனால் ஓட்டம் தரையின் மேடுபள்ளத்தை அனுசரித்தே போகும். ஹெலன்ட்-ஹான்சன், நான்சன் என்ற இரண்டு கடலாய்வாளர்கள் நார்வேக் கடலில் இதைக் கவனித்து 1909லேயே எழுதிவிட்டார்கள். எஃப் என்பது பூமிச் சுழற்சியின் விளைவு, எச் என்பது கடலின் ஆழம். அந்த அட்சரேகைகளில் எஃப் பெரிதாக மாறாது என்பதால், எஃப்-பை-எச் மாறாத கோடு கிட்டத்தட்ட ஆழக்கோடுதான் (ஒரே ஆழமுள்ள இடங்களைச் சேர்க்கும் கோடு). நார்வே, லோஃபோட்டன், கிரீன்லாந்து பேசின்களில் (கடலடிப் பள்ளங்களில்) அது வளையமாக மூடிக்கொள்ளும். வளையத்துக்கு ஒரு சமன்பாடு: காற்று தள்ளுவதிலிருந்து தரை உரசலைக் கழி. அவ்வளவுதான் மாடல்.

முதல்முறை ஓட்டிய நாள் இன்னும் ஞாபகம் இருக்கிறது. ஈஆர்ஏ5 என்ற வானிலைத் தொகுப்பிலிருந்து காற்றுத் தரவை இறக்க இரண்டு நாள் ஆனது. 1993இலிருந்து 25 வருஷத்தை லேப்டாப்பில் ஓட்ட இரண்டு நொடி கூட ஆகவில்லை. ஏதோ தப்பு என்று நினைத்து மறுபடி ஓட்டினேன். கடல்மட்டத்தை அளக்கும் சாட்டிலைட் உயரமானி காட்டும் கோட்டை அதன்மேல் வரைந்தபோது, நார்வே பேசினில் இரண்டும் கூடவே ஏறிக் கூடவே இறங்கின. குளிர்காலப் புயல்களில் சுழல் வலுக்கிறது, கோடையில் தளர்கிறது. பக்கத்து அறையில் பெரிய மாடல் வைத்திருந்த நண்பன், சூப்பர் கம்ப்யூட்டர் வரிசையில் தன் முறை வர மூன்று நாளாகக் காத்துக்கொண்டிருந்தான். அவனைக் கூப்பிட்டுக் காட்டினேன். அற்பச் சந்தோஷம்தான், ஒத்துக்கொள்கிறேன்.

காரணமும் கையில் தொட்டுப் பார்க்கிற மாதிரி இருக்கும். இடஞ்சுழியாக வீசும் காற்று மேல்நீரை வளையத்துக்கு வெளியே தள்ளும். நடுவில் நீர்மட்டம் இறங்கும். வளையத்தைச் சுற்றி ஓட்டம் வேகமெடுக்கும். தரையோரம் உரசலால் நீர் உள்ளே கசியும். வெளியே போவதும் உள்ளே வருவதும் சரிக்குச் சரி ஆகும்வரை வேகம் கூடிக்கொண்டே போகும்.

இனி ஆர். உரசல் கெழு. மொத்த மாடலிலும் கையால் திருகக்கூடிய ஒரே திருகு. நான் வைத்திருப்பது நொடிக்கு 0.0005 மீட்டர். வளையம் நெடுகக் காற்றின் நிகர இழுவிசை சதுர மீட்டருக்கு 0.05 நியூட்டன் என்று வைத்தால் தரையோர வேகம் நொடிக்கு 10 செ.மீ. வரும். ஆரை இரட்டிப்பாக்கினால் வேகம் 5 செ.மீ. ஆகிவிடும். அதோடு விட்டாலும் பரவாயில்லை. 3000 மீட்டர் ஆழத்தில் மாடலின் ஞாபகசக்தி (பழைய காற்றின் தாக்கம் எவ்வளவு நாள் நிற்கும் என்பது), ஆழத்தை ஆரால் வகுத்தால் கிடைப்பது, ஏறக்குறைய 70 நாள். அதுவும் 35 ஆகிவிடும். வேகத்தைச் சரிசெய்தால் ஞாபகம் கெடுகிறது, ஞாபகத்தைச் சரிசெய்தால் வேகம் கெடுகிறது. தலையை மூடினால் கால் தெரிகிற போர்வை.

இதில் என் நிஜமான கோபம் என்னவென்றால், ஆர் வெறும் உரசலே இல்லை. வீட்டுக் கணக்கில் 'இதர செலவு' என்று ஒரு வரி இருக்குமே, அது. மாடலில் இல்லாத சுழிப்புகள், கடலடி மலைச்சரிவின் இழுப்பு, என்னுடைய அறியாமை, எல்லாம் அந்த ஒரு எண்ணுக்குள் போய்ப் படுத்துக்கொள்கின்றன. நார்வே பேசினுக்குப் பொருந்தும்படி வைத்தால் லோஃபோட்டனில் இடறுகிறது. நார்வேயின் கடலடிச் சரிவை ஒட்டி ஓடும் அட்லாண்டிக் நீரோட்டத்திலிருந்து பிய்ந்து வரும் சுழிகள் அங்கே ஓயாமல் வந்து சேர்கின்றன. மாடலுக்குச் சுழி என்றால் என்னவென்றே தெரியாது. பேசினுக்கு ஒரு ஆர் வைத்துக்கொள்ளலாமே என்பார்கள். வைத்தால் பிறகு அது கணிப்பு இல்லை, தையல் வேலை.

நியாயமாகச் சொன்னால் மாடல் யாரையும் ஏமாற்றவில்லை. தன்னால் எது முடியும் என்பதைச் சமன்பாட்டிலேயே எழுதி வைத்திருக்கிறது. (போன வருஷம் புதுக் கடலடி வரைபடத்துக்கு மாறியபோது ஒரு வளையம் இரண்டாக உடைந்து ஒரு வாரம் வீணானது. அது முழுக்க என் தப்பு. வழவழப்பாக்க மறந்துவிட்டேன்.)

ஆனால் தம்பி கேட்பது ஆர்க்டிக். அதிலும் அவன் கண் அலாஸ்கா, கனடாவுக்கு வடக்கே சுற்றும் போஃபோர்ட் சுழலின் மேல். அங்கே விளையாட்டே மேலே சில நூறு மீட்டரில் தேங்கும் நன்னீரில்தான் நடக்கிறது. அடியில் ஓட்டம் ரொம்ப மெதுவு. இந்த மாடலுக்குத் தெரிந்ததோ தரையோர வேகம் மட்டும். போதாததற்கு காற்றுக்கும் நீருக்கும் நடுவே பனிக்கட்டி. குளிர்காலத்தில் இறுகிக் கிடக்கும் பனி காற்றின் தள்ளலில் எவ்வளவை நீருக்கு விடுகிறது என்பதே தனிச் சிக்கல். சரிபார்க்கவும் வழி குறைவு: உயரமானி சாட்டிலைட்டான டோபெக்ஸ்-போசைடனின் பார்வை வடக்கே 66 டிகிரி அட்சரேகையோடு நின்றுவிட்டது, 88 டிகிரி வரை எட்டிப் பார்க்கும் கிரையோசாட்-2 ஏறியது 2010இல்தான்.

ஆக, வேண்டாம்டா தம்பி. தீசிஸுக்கு இதை நம்பி இறங்காதே. இவ்வளவு புகழ்ந்துவிட்டு இப்படிச் சொல்கிறேனே என்று கேட்டால், நேற்று ராத்திரி 11 மணிக்கு 0.0005ஐ 0.00045 ஆக்கிப் பார்த்து, மறுபடி பழையபடியே வைத்துவிட்டுப் படுத்தவன் எழுதுவது இது.

பெரிய மாடலில் ஏதாவது புதிதாகத் தெரிந்தால், இதை ஒருதரம் ஓட்டிப் பார்க்காமல் இன்னமும் எனக்கு நம்பிக்கை வருவதில்லை, அது வேறு விஷயம். கோட் ஃபைலை உனக்கு மெயிலில் அனுப்பியிருக்கிறேன். மொத்தம் 140 வரி. ஆர் இருக்கும் வரியைக் காலியாக விட்டிருக்கிறேன்.