ஆறு இலக்க எண்ணைக் கேட்டு வரும் வாட்ஸ்அப் செய்தி: பிள்ளைகளும் பெற்றோரும் கவனிக்கவும்

காரைக்குடியில் பதினோராம் வகுப்புப் படிக்கும் என் தங்கை மகனின் வாட்ஸ்அப் கணக்கை அண்மையில் ஒருவன் கைப்பற்றி, அதன் வழியே உறவினர்களிடம் பணம் பறித்துவிட்டான். இதே போன்ற செய்தி அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்கும் வருவதாகக் கேள்விப்பட்டதால், நடந்ததை எழுதுகிறேன்.

உடன் படிக்கும் நண்பனின் எண்ணிலிருந்துதான் அது வந்தது. "டேய், எனக்கு வரவேண்டிய ஓடிபி தவறி உன் நம்பருக்கு வந்துடுச்சு, சீக்கிரம் அனுப்புடா" என்றிருந்தது. நண்பனின் கணக்கு ஏற்கெனவே களவு போயிருந்தது இவனுக்குத் தெரியாது. குறுஞ்செய்தியில் வந்த ஆறு இலக்க எண்ணை அனுப்பிய சற்று நேரத்தில் இவனுடைய வாட்ஸ்அப் திறக்கவில்லை. அந்த எண், ஒருவரின் கணக்கை வேறொரு கைபேசியில் திறப்பதற்கான சாவி. யாரிடமும் பகிர வேண்டாம் என்று அதே குறுஞ்செய்தியில் எழுதியிருந்தும், அவசரப்படுத்தும்போது பிள்ளைகளின் கண்ணில் எண் மட்டுமே படுகிறது.

பழைய உரையாடல்கள் திருடனுக்குக் கிடைப்பதில்லை. ஆனால் குழுக்கள் கிடைத்துவிடுகின்றன. பையனின் அப்பா வழிக் குடும்பக் குழுவில் அப்போது படைப்புக்கான, அதாவது முன்னோருக்குப் படையலிட்டுக் கும்பிடும் விசேஷத்துக்கான, ஏற்பாடுகளைப் பேசிக்கொண்டிருந்தார்கள். அதைப் படித்துக்கொண்டே திருடன், "அயித்தை, அம்மா போன்ல ஜிபே வேலை செய்யல, படைப்புச் சாமானுக்குக் கடைக்குப் பணம் அனுப்பணும், நாளைக்குத் தந்திடுறோம்" என்று தேவகோட்டையிலும் சென்னையிலும் இருப்பவர்களுக்குத் தனித்தனியே எழுதினான். முறை சொல்லி அழைத்து, வீட்டு விசேஷத்தையும் சரியாகச் சொன்னால் யார்தான் சந்தேகப்படுவார்கள்? இருவர் அனுப்பிவிட்டார்கள்.

எனக்கு மிகுந்த வேதனை தந்தது, பையன் அன்றிரவு முழுவதும் யாரிடமும் சொல்லாமல் இருந்ததுதான். போனைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்ற பயம். மறுநாள் அயித்தை பணம் சேர்ந்ததா என்று கேட்டபோதே விஷயம் வெளியே வந்தது. 1930 என்ற தேசிய சைபர் குற்ற உதவி எண்ணுக்கு உடனே அழைத்தால், மோசடிக்காரனின் வங்கிக் கணக்கில் எஞ்சியிருக்கும் பணத்தை நிறுத்தி வைக்க வழியுண்டு. நாங்கள் அழைத்தபோது ஒருவரின் தொகை மட்டுமே அகப்பட்டது, மற்றதை எடுத்துவிட்டான். ஆகையால் பெற்றோரே, இப்படி எது நடந்தாலும் திட்டமாட்டோம், போனையும் பறிக்கமாட்டோம் என்று இன்றே பிள்ளையிடம் சொல்லி வையுங்கள்.

கணக்கை மீட்க, சொந்தக் கைபேசியில் எண்ணை மீண்டும் பதிந்து, புதிதாக வரும் ஆறு இலக்க எண்ணை இட வேண்டும். அந்தக் கணமே திருடன் வெளியேற்றப்படுவான். ஆனால் அவன் இதற்குள் இரண்டு படிச் சரிபார்ப்பு என்ற கூடுதல் பூட்டுக்குத் தானே ஒரு பின் எண் வைத்திருந்ததால், பையன் உள்ளே நுழைய 7 நாள் காத்திருக்க நேர்ந்தது. அந்தப் பின் எண்ணை நீங்களே முந்திக்கொண்டு அமைத்துவிடுங்கள். அது பிறந்த தேதியாக இருக்க வேண்டாம். பிறந்தநாள் வாழ்த்துப் படங்கள் இன்ஸ்டாகிராமில் எல்லோருக்கும் தெரிகின்றன.

உறவினர் யாராவது பணம் கேட்டு எழுதினால், எவ்வளவு அவசரமென்றாலும், வாட்ஸ்அப்பில் அல்லாமல் சாதாரண அழைப்பில் கூப்பிட்டுக் குரலைக் கேட்ட பிறகே அனுப்புங்கள்.