அஃபர்வாட் மலையில் பனிச்சறுக்கி இறங்குவதற்கு முன் வாங்க வேண்டிய மூன்று கருவிகள்

காஷ்மீரின் குல்மார்க்கில் கேபிள் காரின் இரண்டாம் கட்டத்தில் ஏறினால் ஏறக்குறைய 3,980 மீட்டரில் கொண்டுபோய் விடுவார்கள். ஸ்கீ பட்ரோல் என்ற பாதுகாப்புக் குழு பார்த்துக்கொள்ளும் எல்லையைத் தாண்டிவிட்டால் அஃபர்வாட் சரிவில் நமக்கு நாமேதான் காவல். 2023 பிப்ரவரி 1 அன்று அங்கே பனிச்சரிவில் போலந்து நாட்டவர் இருவர் இறந்தார்கள். மறு ஆண்டு பிப்ரவரியில் ரஷ்யர் ஒருவர் இறந்தார். அப்படியிருந்தும் ஜாக்கெட்டுக்கும் கண்ணாடிக்கும் தாராளமாகச் செலவு செய்பவர்கள் மீட்புக் கருவி என்று வந்ததும் கையை இறுக்குவதைப் பார்க்கிறேன். எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

முதலாவது ட்ரான்சீவர். உடம்பில் கட்டிக்கொள்ளும் இந்தச் சிறு கருவி சிக்னல் அனுப்பிக்கொண்டே இருக்கும், யாராவது பனியில் புதைந்தால் மற்றவர்கள் தங்கள் கருவியைத் தேடும் நிலைக்கு மாற்றி அந்த சிக்னலைப் பிடிப்பார்கள். என்னிடம் இருப்பது பிசிஏ நிறுவனத்தின் ட்ராக்கர் எஸ். எல்லா நிறுவனங்களின் கருவியும் 457 கிலோஹெர்ட்ஸில்தான் இயங்குகிறது. அதனால் கூட வருபவர் வேறு பிராண்ட் வைத்திருந்தாலும் கவலை இல்லை. தேடும் நிலைக்கு மாற்றியதும் அம்புக்குறி விளக்கு எரியும், தூரம் எண்ணாகத் தெரியும். அம்பு நேர்கோட்டில் கூட்டிப்போகாது, வளைத்துத்தான் கூட்டிப்போகும். எண் குறைந்துகொண்டே வந்தால் சரியான வழியில் போகிறோம். கடைசி மூன்று மீட்டரில் கருவியைப் பனியை ஒட்டிப் பிடித்து மெதுவாக நகர்த்த வேண்டும். மாமுட் நிறுவனத்தின் பேரிவாக்ஸ் எஸ் இதைவிட அதிக தூரத்திலிருந்து சிக்னலைப் பிடிக்கும், வசதிகளும் கூடுதல். ஆனால் பதற்றத்தில் விரல் நடுங்கும்போது பொத்தான் குறைவாக இருப்பதே மேல் என்பது என் கட்சி. இதில் அல்கலைன் பேட்டரி மட்டும் போடுங்கள். ரீசார்ஜ் பேட்டரி போட்டால் மீதி சார்ஜை நம்ப முடியாது. செல்போன் 20 சென்டிமீட்டராவது தள்ளி இருக்கட்டும், தேடும்போது 50.

இரண்டாவது ப்ரோப், புதைந்தவர் எங்கே என்று பனிக்குள் குத்திப் பார்க்கும் மடக்குக் கோல். அது 240 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. கார்பன் எடை குறைவுதான். ஆனாலும் இறுகிய பனியில் வளையாமல் இறங்குவதால் நான் அலுமினியத்தையே எடுத்தேன்.

அப்புறம் ஷவல், பனியை அள்ளும் மண்வாரி. எல்லோரும் அலட்சியம் செய்வது இதைத்தான், மீட்பில் அதிக நேரம் போவதும் இதில்தான். ஆள் இருக்குமிடத்தைக் கண்டுபிடிக்கச் சில நிமிடம் போதும். ஒரு மீட்டர் ஆழத்தில் இருப்பவரை வெளியே எடுக்க ஒரு டன் அளவுக்குப் பனியை அள்ள வேண்டியிருக்கும். சரிந்து நின்ற பனி சிமென்ட் மாதிரி இறுகிவிடும். பத்து நிமிடத்துக்குள் எடுத்தால் பெரும்பாலோர் பிழைக்கிறார்கள், அரை மணி நேரமானால் பெரும்பாலோர் பிழைப்பதில்லை. ஒரு வாடகைக் கடையில் எனக்குப் பிளாஸ்டிக் ஷவலை நீட்டினார்கள். அதைத் தொடவே தொடாதீர்கள், இறுகிய பனியில் அது உடைந்துபோகும். அலுமினியத் தகடு, நீட்டிக்கொள்ளும் பிடி, கையுறையோடு பிடிக்கத் தோதான கைப்பிடி, இந்த மூன்றும் கட்டாயம். ப்ரோப் ஆள்மேல் பட்டதும் அதை அப்படியே விட்டுவிட்டு, சரிவின் கீழ்ப்பக்கமாகச் சற்றுத் தள்ளி நின்று உள்நோக்கித் தோண்ட வேண்டும். நேர் மேலே நின்று தோண்டினால் புதைந்தவர்மேல் நாமே ஏறி மிதிப்போம்.

பனிச்சரிவில் சிக்கினால் இழுத்து ஊதிக்கொள்ளும் ஏர்பேக் பை நல்லதுதான், பனிக்கு மேலே மிதக்க உதவும். மரத்திலோ பாறையிலோ மோதினால் அதனால் பயனில்லை. அழுத்தக் காற்றுச் சிலிண்டரால் ஊதும் வகையை விமானத்தில் கொண்டுபோவது தனித் தலைவலி. முதலில் இந்த மூன்றையும் வாங்குங்கள், அதற்கு அப்புறம் பார்க்கலாம்.

வாடகைக்கு எடுப்பவர்கள் கடையிலேயே பேட்டரி மூடியைத் திறந்து துரு இருக்கிறதா என்று பாருங்கள். நண்பரை இன்னொரு ட்ரான்சீவரோடு முப்பது மீட்டர் தள்ளி நிற்க வைத்து சிக்னல் பிடிக்கிறதா என்றும் பாருங்கள். ப்ரோப்பை ஒருமுறை வீசி விரித்து, கம்பி இறுகிப் பூட்டுகிறதா என்று சோதித்த பிறகு காசைக் கொடுங்கள்.