இடமாற்றம் வந்த பிறகு எது மிஞ்சும்? ஆரம்பப் பிரிவு இசை நிகழ்ச்சிகளுக்குக் கொப்பி, வட்ஸ்அப், கூகுள் ஷீட்ஸ்

நான் பொறுப்பேற்ற இரண்டாவது பாடசாலை திருகோணமலை நகரை அண்டியது. முதல் நாளே அதிபர் இசை அறை அலுமாரியின் திறப்பைக் கையில் தந்தார். உள்ளே தோல் தளர்ந்த இரண்டு மிருதங்கங்கள், துருத்தி கிழிந்த ஒரு சுருதிப்பெட்டி, சில சோடித் தாளங்கள், எல்லாவற்றுக்கும் மேலே ஒரு சி.ஆர். கொப்பி. முன்பிருந்த ஆசிரியர் ஐந்து ஆண்டு நிகழ்ச்சிகளையும் அதில் முத்து முத்தான கையெழுத்தில் எழுதியிருந்தார். “வாணி விழா: தரம் 3 துதி, தரம் 4 தேவாரம், தரம் 5 கும்மி.” அவ்வளவுதான். எந்தச் சுருதி, எத்தனை நிமிடம், எந்தப் பிள்ளைகள், யார் தாளம் போட்டார்கள் என்று ஒரு வரியும் இல்லை. அவருக்கு அவையெல்லாம் மனப்பாடம். அவர் இடமாற்றம் பெற்றுப் போனபோது அவையும் அவரோடு போய்விட்டன.

கோணேசர் மீது சம்பந்தர் பாடிய பதிகம் எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குக் கட்டாயம். புறநீர்மைப் பண், இன்று பூபாள ராகத்தில் பாடுகிறோம். முன்னைய ஆசிரியரிடம் தொலைபேசியில் கேட்டேன். நல்ல மனிதர், அன்றிரவே தான் பாடிய பதிவை அனுப்பிவைத்தார். அவருடைய குரலுக்கு ஒரு கட்டை (கட்டை என்பது சுருதியின் உயரத்தைச் சொல்லும் அளவு). பிள்ளைகள் அதே சுருதியில் ஒரு ஸ்தாயி மேலே பாடினார்கள். மேல் ஷட்ஜம் வரை சமாளித்தார்கள். அதற்கு மேல் காந்தாரம், பஞ்சமம் என்று ஏறியதும் கழுத்து நரம்பு புடைக்கக் கத்த வேண்டியதாயிற்று. முன்வரிசையில் ஒரு பிள்ளை வாயை மட்டும் அசைத்துக்கொண்டு நின்றது. அந்த மேல் ஒரு கட்டைக்குக் கீழே இருக்கும் ஐந்தரைக் கட்டைக்கு இறக்கியதும் அதே பிள்ளை பாடியது. “சுருதி 5½” என்று யாராவது எழுதிவைத்திருந்தால் எங்களுக்கு இரண்டு கிழமை மிஞ்சியிருக்கும்.

அதன் பிறகுதான் திட்டமிடும் முறையைப் பற்றி யோசிக்கத் தொடங்கினேன். கொப்பி, வட்ஸ்அப் குழு, கட்டணம் கேட்கும் வெளிநாட்டுச் செயலி, கூகுள் ஷீட்ஸ் என்று நான்கையும் தொட்டுப் பார்த்துவிட்டேன். கடைசியாகத் தெரிவுசெய்தது இணையத்தில் அட்டவணை போடும் கூகுள் ஷீட்ஸ். நான் அதன் பக்கம் சாய்ந்தே எழுதுகிறேன்.

முதலில், ஆரம்பப் பிரிவுக்கு ஏன் இந்தச் சிக்கல் என்று சொல்ல வேண்டும். 6ஆம் தரத்திலிருந்து கர்நாடக சங்கீதம், நடனம், சித்திரம், நாடகமும் அரங்கியலும் என்று அழகியல் பாடங்கள் தனித்தனியே பிரிகின்றன. 1 முதல் 5 வரை அப்படியில்லை. பாட்டும் ஆட்டமும் வகுப்பாசிரியையின் கையில்தான் இருக்கின்றன; சங்கீத ஆசிரியை இடைநிலைப் பிரிவிலிருந்து வந்து உதவுகிறார். ஆகவே திட்டத்தை வாசிக்கப் போகிறவர்களில் பெரும்பாலானோர் சங்கீதம் படிக்காதவர்கள். “பூபாளம், ஆதி” என்று எழுதினால் தரம் 1 ஆசிரியைக்கு அது எந்த உதவியும் செய்யாது. அவர் பாடலைக் கேட்க வேண்டும்.

நாட்களும் நெருக்கும். தைப்பொங்கல், முதலாம் தவணையில் இல்ல விளையாட்டுப் போட்டி, அதற்கு பாண்ட் வாத்தியம், பிறகு தமிழ்த்தினப் போட்டி. ஒக்டோபர் 1 சிறுவர் தினம், 6 ஆசிரியர் தினம், அதை ஒட்டியே நவராத்திரிக்கான வாணி விழா. மழை பிடித்த பிறகு நத்தாரை ஒட்டிய ஒளி விழா. புலமைப்பரிசில் பரீட்சை முடியும்வரை தரம் 5 பிள்ளைகளை ஒத்திகைக்குக் கேட்கவே முடியாது, கேட்கவும் கூடாது. பெற்றோரின் பதற்றம் எனக்குப் புரிகிறது.

கொப்பியைக் குறைத்துப் பேச நான் விரும்பவில்லை. 2022இல் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்த நாட்களில் கொப்பி மட்டும்தான் திறந்தது. மழைக்காலத்தில் இன்றைக்கும் அப்படித்தான். அதில் இன்னொரு நன்மையும் உண்டு: அதிபர் கேட்டால் அப்படியே நீட்டிவிடலாம். ஆனால் கொப்பியில் விட்டுப்போனது கண்ணுக்குத் தெரிவதில்லை. பாடலின் பெயரை எழுதி அடுத்த வரிக்குப் போய்விடலாம். சுருதி எழுதவில்லையே என்று தாள் கேட்காது. அட்டவணையில் சுருதிக்கென்று ஒரு கட்டம் போட்டுவிட்டால், அது வெறுமையாக இருக்கும் வரைக்கும் உறுத்திக்கொண்டே இருக்கும்.

வட்ஸ்அப் குழுவில் எங்கள் பத்து ஆசிரியைகளும் ஏற்கெனவே இருந்தார்கள். புதிதாக எதையும் பழக்கத் தேவையில்லை, குரல் பதிவு அனுப்புவது எளிது. ஒரு நிகழ்ச்சிக்கு, ஒரு மாதத்துக்கு, அது போதும். ஆனால் அங்கே திட்டம் என்று ஒன்று இல்லை, உரையாடல்தான் இருக்கிறது. “கும்மிக்கு எட்டுப் பேர்” என்று திங்கட்கிழமை சொன்னது வியாழக்கிழமை “பத்துப் பேர்” ஆனது. இடையில் பிறந்தநாள் வாழ்த்துகள் வந்து குவிந்ததில் இரண்டு ஆசிரியைகள் முதல் செய்தியை மட்டுமே பார்த்திருந்தார்கள். எட்டு உடைகள் தைத்தாயிற்று, பிள்ளைகள் பத்துப் பேர். அந்த இரண்டு பிள்ளைகளின் முகம் இன்னும் கண்ணில் நிற்கிறது. மேலும், நாங்கள் பயன்படுத்திய காலத்தில், குழுவில் புதிதாகச் சேர்ந்தவருக்கு அதற்கு முந்தைய செய்திகள் தெரியவில்லை. என் பழைய கைபேசி தண்ணீரில் விழுந்தபோது ஒரு தவணைக்கான குரல் பதிவுகள் அதோடு போய்விட்டன. அது என் கவனக்குறைவு. ஆனால் ஒரு பாடசாலையின் இசை என் கைபேசியை மட்டும் நம்பியிருந்தது எனக்குப் பொறுக்கவில்லை.

வெளிநாட்டுச் செயலி ஒன்றை இலவசச் சோதனைக் காலத்தில் மட்டும் பார்த்தேன். பார்வைக்கு அழகாகத்தான் இருந்தது. மேற்கத்திய ஐந்துகோட்டு இசைக்கும் அவர்களுடைய கல்வியாண்டுக்கும் அளவெடுத்துத் தைத்தது, சந்தா டொலரில். சில நாட்கள் மட்டும் பார்த்ததை வைத்து அதற்கு மேல் சொல்வது நியாயமில்லை.

இனி ஷீட்ஸ். நான் போட்ட அட்டவணையில் மூன்று தாள்கள்தான். முதலாவது ஆண்டு நாட்காட்டி: எந்த நாள் என்ன நிகழ்ச்சி, ஒத்திகை எப்போது தொடங்க வேண்டும், எந்தத் தரத்தை எந்தக் கிழமைகளில் தொடக்கூடாது. இரண்டாவது பாடல்கள்: பெயர், தரம், பண் அல்லது ராகம், தாளம், சுருதி கட்டையில், நிமிடம், வாத்தியம், கடைசியில் குரல் பதிவுக்கான இணைப்பு. வகுப்பாசிரியை அதைத் தொட்டால் பாடல் ஒலிக்கும். கைபேசியில் பதிந்த ஒரு நிமிடப் பாடல் சுமார் ஒரு மெகாபைட்தான் வரும். இலவசக் கணக்கில் கிடைக்கும் 15 கிகாபைட்டில் எங்கள் பாடசாலையின் பல ஆண்டுப் பாடல்கள் அடங்கிவிடும்.

மூன்றாவது தாள் பிள்ளைகள். இதைத்தான் நான் மிகவும் விரும்புகிறேன். இடப்பக்கம் ஆரம்பப் பிரிவின் எல்லாப் பெயர்களும், மேலே அந்த ஆண்டின் நிகழ்ச்சிகளும். மேடையேறும் பிள்ளைக்கு நேரே 1 போடுவோம். கடைசி நிரலில் கூட்டல். கூட்டினால் 0 வருகிற பெயர் தானாகவே சிவப்பாக வேண்டும் என்று ஒரு நிபந்தனை வைத்தேன். முதல் ஆண்டு அதைப் போட்டு முடித்த இரவு, பட்டியலைக் கீழே இழுக்க இழுக்கச் சிவப்பு வந்துகொண்டே இருந்தது. தரம் 2இல் மட்டும் ஏழு பேர். அதே தரத்தில் இரண்டு பிள்ளைகளுக்கு நேரே 5. நான் வேண்டுமென்று யாரையும் ஒதுக்கவில்லை. நன்றாகப் பாடுகிற பிள்ளையின் பெயர்தான் முதலில் வாயில் வருகிறது, எல்லா ஆசிரியருக்கும் அப்படித்தான். அந்த ஆண்டு ஒளி விழாவில் ஏழு பேருக்கும் இடம் கொடுத்தோம். பாடத் தயங்கிய ஒரு பிள்ளை தாளம் போட்டது. கொப்பி எனக்கு இதை ஒருபோதும் காட்டியிருக்காது.

நேரக் கணக்கும் அப்படித்தான். வாணி விழாவில் எங்களுக்கு நாற்பத்தைந்து நிமிடம் ஒதுக்குவார்கள். பாடல்களின் நிமிடங்களையும், ஏறி இறங்கும் நேரமாக ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை நிமிடத்தையும் கூட்டினால் ஒத்திகை தொடங்கும் முன்பே தெரிந்துவிடும். பழகிய பாட்டைக் கடைசி நாளில் வெட்டிப் பிள்ளைகளை அழவைக்க வேண்டியதில்லை.

இவ்வளவும் நல்லவைதான். ஆனால் என் முடிவைத் தீர்மானித்தது இவை அல்ல, கைமாற்றம். அரச பாடசாலை ஆசிரியருக்கு இடமாற்றம் நிச்சயம். எப்போது என்பதுதான் தெரியாது. ஆகவே ஒவ்வொரு வழியிடமும் நான் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: நாளைக்கு நான் இல்லாவிட்டால், என்னைத் தொலைபேசியில் அழைக்காமல் அடுத்தவர் வாணி விழாவை நடத்த முடியுமா?

கூகுள் ஷீட்ஸும் இந்தக் கேள்வியில் தானாகத் தேறிவிடாது. முதலில் நான் அதை என் சொந்த மின்னஞ்சலில்தான் தொடங்கினேன். பெரிய தவறு. கோப்பு என்னுடையதாக இருந்தால் நான் போகும்போது அதுவும் என்னோடு வந்துவிடும், பழைய சி.ஆர். கொப்பியின் கதைதான். பிறகு ஆரம்பப் பிரிவுக்கென்று ஒரு கணக்குத் தொடங்கி, கோப்பையும் பதிவுகளையும் அதற்கு மாற்றினேன். கடவுச்சொல்லை ஒரு தாளில் எழுதி உறையிலிட்டு அதிபரிடம் கொடுத்தேன். கணக்கை மீட்கும் தொலைபேசி எண்ணாக என் எண்ணைக் கொடுக்காமல் அலுவலக எண்ணைக் கொடுத்தோம்.

இன்னொன்றும் கவனிக்க வேண்டும். இரண்டு ஆண்டுகள் யாரும் பயன்படுத்தாத தனிநபர் கணக்கைக் கூகுள் நீக்கிவிடலாம். 2023 டிசம்பரிலிருந்து இந்த விதி நடைமுறையில் இருக்கிறது. ஆகவே ஒவ்வொரு தவணை தொடக்கத்திலும் பொறுப்பாசிரியை ஒருமுறை உள்ளே போய்ப் பார்ப்பது என்று முதலாவது தாளிலேயே எழுதிவைத்தோம். அன்றைக்கே மூன்று தாள்களையும் அச்செடுத்து அலுமாரிக் கதவின் உட்பக்கம் ஒட்டுவது, பதிவுகளை ஒரு பென்டிரைவில் ஏற்றி உள்ளே வைப்பது. மின்சாரமோ டேட்டாவோ இல்லாத நாளுக்கு அது. கைபேசியில் அட்டவணையை இணையமின்றித் திறக்கும்படி வைக்கலாம், ஆனால் குரல் பதிவுகளை ஒவ்வொன்றாகத் தனியே அப்படிக் குறித்துவைக்க வேண்டும். இதை மறந்து ஒருமுறை ஒத்திகையில் திண்டாடினோம்.

பிள்ளைகளின் பெயர்கள் இருப்பதால் “இணைப்பு உள்ள எவரும்” என்ற தெரிவைத் தொடாதீர்கள். ஆசிரியைகளின் மின்னஞ்சலைத் தனித்தனியே சேர்ப்பது கொஞ்சம் வேலைதான், செய்யத்தான் வேண்டும். யாராவது தவறுதலாக ஒரு நிரலை அழித்துவிட்டால் கணினியில் பழைய பதிப்பு வரலாற்றைத் திறந்து மீட்கலாம்; யார், எப்போது மாற்றினார்கள் என்பதும் அதில் இருக்கும். எனக்கு இரண்டு முறை கைகொடுத்திருக்கிறது.

கூடவே பயன்பட்ட ஒன்று ஓடாசிட்டி. ஒலிப்பதிவுகளைத் திருத்தும் இலவச மென்பொருள். என் பதிவின் சுருதியை வேகம் மாறாமல் அரைக் கட்டை ஏற்றவோ இறக்கவோ அதில் முடியும். குரல் கொஞ்சம் செயற்கையாகத் தெரியும். அரை, ஒரு கட்டைக்கு மேல் மாற்றாமல் புதிதாகப் பாடிப் பதிவதே நல்லது. இசைக் குறியீடு எழுதும் மென்பொருளான மியூஸ்ஸ்கோரைப் பற்றிக் கேட்பார்கள். அதுவும் இலவசம், ஐந்துகோட்டு இசைக்கு நல்லது, பாண்ட் குழுவுக்கு உதவும். நான் அதில் ஸ்வரங்களைப் பாடல் வரி போலத் தட்டச்சு செய்து பார்த்தேன், வந்தது. ஆனால் பாண்ட் பயிற்சி என் பொறுப்பில் ஒரு தவணை மட்டுமே இருந்ததால் அதற்கு மேல் உறுதியாகச் சொல்ல மாட்டேன். என்னுடையது நடுத்தரமான பாடசாலை என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஒரு தரத்துக்கு ஐந்தாறு வகுப்புகள் உள்ள பெரிய பாடசாலையில் “பிள்ளைகள்” என்ற மூன்றாவது தாளைப் பராமரிப்பது எவ்வளவு வேலை என்று எனக்குத் தெரியாது. அதேபோல, கணினியே தொடாத ஓர் ஆசிரியையைக் கட்டாயப்படுத்துவதில் பயனில்லை. எங்கள் தரம் 1 ஆசிரியை கடைசிவரை என்னிடம் வாயால்தான் சொன்னார், நான் பதிந்தேன்.

பிறகு எனக்கும் கடிதம் வந்தது. மூதூர்ப் பக்கம் ஒரு பாடசாலை. போகுமுன் என் திருத்தும் அனுமதியை நானே நீக்கி, பார்க்கும் அனுமதியை மட்டும் வைத்துக்கொண்டேன். அலுமாரித் திறப்பை அடுத்த ஆசிரியையின் கையில் கொடுத்தேன். புரட்டாதி வந்தது, நவராத்திரி வந்தது, அவரிடமிருந்து அழைப்பு எதுவும் வரவில்லை. ஓர் இரவு பொறுக்க முடியாமல் கோப்பைத் திறந்தேன். பதிகத்தின் வரிசையில் நான் 5½ என்று போட்ட கட்டத்தில் 5 என்று இருந்தது. அருகே ஒரு குறிப்பு: “இந்த ஆண்டுப் பிள்ளைகளுக்கு இதுதான் வாய்க்கிறது, ரீச்சர்.” பதிவின் இணைப்பும் மாறியிருந்தது. தொட்டேன். அவருடைய குரல்.