பூச்செடிக்கு நாலு பயிற்சி, ஊஞ்சலுக்கு ஒரு பி.டி.எஃப்.

சேலத்தில் பூங்கா பராமரிப்பை ஒப்பந்தம் எடுத்துச் செய்யும் ஒரு சின்ன நிறுவனத்தில் சூப்பர்வைசராக இருக்கிறேன். கையில் ஐந்து லேஅவுட் பூங்கா, இரண்டு அடுக்குமாடிக் குடியிருப்பு, ஏற்காட்டில் ஒரு தங்கும் விடுதியின் தோட்டம், அதோடு ஒட்டிய பிள்ளைகள் விளையாடும் இடம். எனக்குக் கீழே பதினோரு பேர். இந்த வேலைக்கென்று தனியாகப் படிப்பு எதுவும் படித்துவிட்டு நான் வரவில்லை. வந்த பிறகுதான் ஒவ்வொன்றாகப் பயிற்சி எடுத்தேன். நான்கு வருடம் ஆகிறது. எது மனதில் நின்றது, எது சான்றிதழோடு முடிந்தது என்று இப்போது சொல்லலாம் என நினைக்கிறேன். இதே வேலையில் இருப்பவர்கள் அடிக்கடி கேட்பதால் இந்தப் பதிவு.

முதலில் வந்தது தோட்டக்காரர் சான்றிதழ். 2015-ல் தொடங்கிய பிரதம மந்திரி கௌசல் விகாஸ் யோஜனா என்ற மத்திய அரசின் திறன் பயிற்சித் திட்டத்தில், ஏற்கெனவே வேலை தெரிந்தவர்களுக்கு அந்தத் திறமையைச் சோதித்துச் சான்றிதழ் கொடுக்கும் பிரிவு ஒன்று உண்டு. ஆர்.பி.எல். என்பார்கள். எங்கள் ஆட்களையும் என்னையும் சேர்த்து மூன்று நாள் உட்கார வைத்தார்கள். நடத்த வந்த ஏஜென்சிக்காரர்கள் மண்வெட்டியைத் தொட்டவர்களாகத் தெரியவில்லை. குரோட்டன்ஸ் படத்தைக் காட்டி அரளி என்றார் ஒருவர். முப்பது வருடமாகச் செடியோடு இருக்கும் எங்கள் பெரியவர் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தார். கற்றுக்கொண்டது என்று பார்த்தால் ஒன்றுமில்லை. ஆனால் அந்தப் பெரியவர் தன் பெயர் போட்ட முதல் சான்றிதழைக் கண்ணாடி போட்டுச் சாமி படங்களுக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார். அடுத்த மாதமே கூலி ஐம்பது ரூபாய் ஏற்றிக் கேட்டார், கிடைத்தது. அதனால் பயனில்லை என்றும் சொல்ல மாட்டேன்.

அடுத்து ஆறு மாத அஞ்சல்வழிப் படிப்பு. தமிழில் புத்தகம், மாதம் ஒரு நாள் நேரடி வகுப்பு. இது உருப்படியானது. கவாத்து என்கிற கிளை வெட்டுதல், பதியம் போடுதல், ஒட்டுக் கட்டுதல், புல்தரை எல்லாம் அரைகுறையாகத் தெரிந்ததை ஒழுங்காக்கியது. புல்லை ஒரே தடவையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வெட்டக் கூடாது என்ற ஒரே விஷயம் எங்கள் புல்தரைகளின் நிறத்தையே மாற்றியது. அதற்கு முன் செலவு மிச்சம் என்று மாதம் ஒரு தடவை மொட்டையடிப்போம். வெயிலில் காய்ந்து பழுப்பாகிவிடும், பிறகு தண்ணீரைக் கொட்டுவோம். ஒரு குறை: பாடம் முழுக்கச் சமவெளிக்கு எழுதியது. ரோஜாவைக் கவாத்து செய்தால் ஏறக்குறைய 45 நாளில் பூக்கும் என்பது கீழே சரி. ஏற்காடு 1,500 மீட்டர் உயரம். மே மாதக் கோடை விழாக் கூட்டம் வரும்போது விடுதியில் பூ இருக்க வேண்டும் என்று அந்தக் கணக்கை வைத்துக் கவாத்து செய்தேன். விழா முடிந்து கூட்டம் இறங்கின பிறகு நிதானமாகப் பூத்தது. மலையில் குளிருக்கு ஏற்ப நாளைக் கூட்டிக்கொள்ள வேண்டும் என்பதை அந்த வருடம் முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டுதான் தெரிந்துகொண்டேன்.

மலையில் வேலை செய்பவர்கள் ஏற்காட்டில் இந்தியத் தாவரவியல் ஆய்வகம் 1963-ல் தொடங்கிய ஆர்க்கிட் தோட்டத்தை ஒரு தடவையாவது வேலைக்கண்ணோடு பார்த்துவிட வேண்டும். பயிற்சி என்று பெயர் இல்லாத பயிற்சி அது. பூச்சி பிடிக்கும் குடுவைச் செடியைப் பார்க்கத்தான் எல்லோரும் போவார்கள். நான் பெயர்ப்பலகைகளைப் பார்த்துவிட்டு வந்தேன். மரத்தில் ஆணி அடிக்காமல் பெயர் வைப்பது எப்படி என்று யோசிக்க ஆரம்பித்தது அங்கேதான்.

சென்னையில் ஓர் ஓட்டலில் நடந்த இரண்டு நாள் 'பொழுதுபோக்கு வசதிகள் மேலாண்மை' பயிலரங்கு பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. சாப்பாடு நன்றாக இருந்தது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இரண்டாம் வருடம், ஒரு லேஅவுட் பூங்காவில் ஏழெட்டு வயதுப் பெண் குழந்தை அக்காவின் துப்பட்டாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு ஊஞ்சலில் ஏறியிருக்கிறது. செயினை மாட்டும் கொக்கியின் வாய் விரிந்திருந்தது. துணி அதில் மாட்டிக்கொண்டது. வாட்ச்மேன் ஓடிப்போய்த் தூக்கிப் பிடித்ததால் கழுத்தில் சிராய்ப்போடு போனது. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை. அந்தக் கொக்கியை முதல் நாள்தான் நான் தாண்டிப் போயிருந்தேன். பக்கத்துச் செம்பருத்தியில் மாவுப்பூச்சி இருந்தது கண்ணில் பட்டது, கொக்கி படவில்லை. ஏனென்றால் என்னைப் பழக்கியது அப்படி. எடுத்த பயிற்சி எல்லாம் செடிக்கு. பூங்காவுக்கு வருவது மனுஷர்கள், அதிலும் பாதி பிள்ளைகள் என்று யாரும் பாடம் நடத்தவில்லை. 2015-ல் நகரங்களின் அடிப்படை வசதிகளுக்கான மத்திய அரசின் அம்ருத் திட்டம் வந்தபோது பசுமைப் பூங்காக்களுக்கும் பிள்ளைகளுக்கான வசதிகளுக்கும் சேர்த்தே இடம் கொடுத்தார்கள். ஊருக்கு ஊர் சறுக்கும் ஊஞ்சலும் வந்து இறங்கின. அவற்றைப் பார்த்துக்கொள்பவனுக்கு என்ன சொல்லிக் கொடுக்க வேண்டும் என்பது மட்டும் கூடவே இறங்கவில்லை.

தேடியபோது அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் பொது விளையாட்டுத் திடல் பாதுகாப்புக் கையேடு கிடைத்தது. 1981-ல் முதலில் போட்டது, 2010-ல் திருத்தியது. இலவச பி.டி.எஃப். ஆங்கிலம். எனக்குச் சுமாராகத்தான் ஓடும், அதனால் போன் கேமராவைக் காட்டி மொழிபெயர்த்துப் படித்தேன். 'ஃபால் ஹைட்' என்பதை 'இலையுதிர்கால உயரம்' என்று கொடுத்தது. இரண்டு நாள் அதை நம்பிக் குழம்பினேன். கீழே விழுந்தால் எவ்வளவு உயரத்திலிருந்து என்பதுதான் அர்த்தம். மூன்று மாதம் ஆனது முடிக்க. இன்றுவரை தினமும் என்னோடு இருக்கும் ஒரே படிப்பு அதுதான்.

அதிலிருந்து எடுத்தவற்றில் முதலாவது கொக்கி. வாய் இடைவெளி ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டரைத் தாண்டினால் அது மூடிய கொக்கி அல்ல என்கிறது கையேடு. இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜ் எல்லாம் எங்கள் ஆட்களிடம் நிற்காது, ஒரே வாரத்தில் காணாமல் போகும். ஏடிஎம் கார்டை நுழைத்துப் பார்க்கச் சொன்னேன். கார்டு ஒரு மில்லிமீட்டரைவிடக் கொஞ்சம் மெல்லியது, அதனால் நம் கணக்கு இன்னும் கறாராகிறது, நல்லதுதான். பெரியவரிடம் ஏடிஎம் கார்டு இல்லை. ரேஷன் கார்டை வைத்துப் பார்க்கிறார். அதன் ஒரு மூலை இப்போது மழுங்கிவிட்டது.

இரண்டாவது, தலை மாட்டிக்கொள்ளும் சந்து. மூன்றரை அங்குலத்துக்கும் ஒன்பது அங்குலத்துக்கும் நடுவில் இருக்கும் இடைவெளி ஆபத்து. பிள்ளையின் உடம்பு கால் வழியாக உள்ளே போய்விடும், தலை நிற்கும். இதைச் சோதிக்கத் தச்சரிடம் மூன்றரைக்கு ஆறேகால் அங்குலத்தில் ஒரு மரக்கட்டை செய்தேன். தலைக்கு ஒன்பது அங்குல விட்டத்தில் வட்டம் வேண்டும். வீட்டில் டிபன் சாப்பிடும் எவர்சில்வர் தட்டு சரியாக ஒன்பது இருந்தது, அதையே பையில் போட்டுக்கொண்டேன். கட்டை நுழைந்து தட்டு நுழையாவிட்டால் அந்தச் சந்தை அடைக்க வேண்டும். அடுக்குமாடி ஒன்றில் புதிதாக வாங்கிய ஏறுதளத்தின் கைப்பிடிக் கம்பிகளில் வரிசையாக நான்கு சந்து அப்படி மாட்டின. குடியிருப்போர் சங்கச் செயலாளர் என் தட்டைப் பார்த்து, "என்னங்க மேடம், டிபன் வாங்க வந்தீங்களா?" என்றார். பிறகு கட்டையைத் தானே வாங்கி நுழைத்துப் பார்த்துவிட்டு வெல்டரைக் கூப்பிட்டார்.

மூன்றாவதுதான் பெரிய சண்டை: தரை. கான்கிரீட், தார், இறுகிய மண் இவற்றோடு புல்லையும் சேர்த்து, விழுந்தால் தாங்கும் தரை அல்ல என்று எழுதியிருக்கிறது. பெரியவரால் இதை ஏற்கவே முடியவில்லை. "ஏங்கண்ணு, புல்லு மெத்தை மாதிரி இருக்குது, அதுலயா அடிபடும்?" என்றார். ஊஞ்சலுக்கு அடியில் கூட்டிப்போய்க் காட்டினேன். பிள்ளைகள் கால் தேய்த்துத் தேய்த்துப் புல் போய் வெறும் கட்டாந்தரை. விழுகிற இடத்தில் புல் இருக்காது, விழாத இடத்தில்தான் இருக்கும். அப்புறம் அவர் பேசவில்லை.

அப்போ என்ன போடுவது? கையேட்டு அட்டவணைப்படி ஒன்பது அங்குல ஆழத்துக்கு மரச்சில்லு போட்டால் பத்தடி உயரத்திலிருந்து விழுவது வரை தாங்கும். அதே ஒன்பது அங்குலம் மணல் என்றால் நான்கடிதான். மரச்சில்லு சேலத்தில் ஒரு மழைக்கு மேல் தாங்கவில்லை, கரையான் வந்துவிட்டது. ரப்பர் தரைக்கு விலை கேட்டு முதலாளி போனை வைத்துவிட்டார். தென்னை நார்க்கழிவு போடலாமே என்று பலர் சொன்னார்கள். அது எவ்வளவு உயரம் தாங்கும் என்று அந்த அட்டவணையில் இல்லை, அதனால் துணியவில்லை. கடைசியில் மணலையே போட்டு, ஆறடிச் சறுக்கின் மேடையை வெட்டி நான்கடிக்கு இறக்கினேன். "இவ்வளவு குட்டையா இருந்தா பிள்ளைங்க வருமா?" என்று முதலாளி சலித்துக்கொண்டார். வந்தார்கள். பெரிய பையன்கள் மட்டும் மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு கிரிக்கெட்டுக்குப் போய்விட்டார்கள், அதை ஒப்புக்கொள்ள வேண்டும்.

ஊஞ்சலுக்கு முன்னும் பின்னும், அது தொங்கும் மேல்கம்பி தரையிலிருந்து இருக்கும் உயரத்தைப் போல் இரண்டு மடங்கு இடம் காலியாக விட வேண்டும். கம்பி எட்டடி உயரத்தில் என்றால் இந்தப் பக்கம் பதினாறு, அந்தப் பக்கம் பதினாறு. எங்கள் பூங்காவில் அம்மாக்கள் உட்காரும் பெஞ்சு ஏழடியில் இருந்தது. நகர்த்திய முதல் வாரம் திட்டு வாங்கினேன்.

இவ்வளவையும் எழுதி வைக்க இரண்டு பக்கத் தமிழ்த் தாள் ஒன்று தயாரித்தேன், ஒவ்வொரு பூங்காவிலும் ஒரு ரிஜிஸ்டர். ஆறு மாதம் அமோகம். பிறகு ஒரு நாள் மூன்றாம் தேதி போய்ப் பார்த்தால் முப்பதாம் தேதி வரை டிக் அடித்திருந்தது. டிக்கை எடுத்துவிட்டு மணல் ஆழத்தை அங்குலத்தில் எழுதச் சொன்னேன். எல்லா நாளும் ஒன்பது என்று எழுதினார்கள், மழை பெய்து ஓடின மறுநாளும் ஒன்பது. இப்போது ஸ்கேலை மணலில் குத்திப் போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட வேண்டும். அதிலும் பழைய போட்டோ வருகிறதுதான், ஆனால் கண்டுபிடித்துவிடலாம், மேகம் காட்டிக் கொடுக்கும்.

சேலத்துக்கும் மலைக்கும் ஒரே தாள் சரிப்படாது என்பதும் போகப் போகத் தெரிந்தது. கீழே பிரச்சினை வெயில். மே மாதம் மதியம் தகரச் சறுக்கில் கை வைக்க முடியாது. குட்டைப் பாவாடை போட்ட குழந்தைக்குத் தொடை வெந்துவிடும். இரண்டு சறுக்கைப் பெயர்த்துப் புங்கமர நிழலுக்குக் கொண்டுபோனோம். மேலே பிரச்சினை ஈரம். பனிமூட்டத்தில் ஏணிப்படியில் பாசி படிகிறது, போல்ட்டுகள் கீழே இருப்பதைவிடச் சீக்கிரம் துருப்பிடிக்கின்றன. காலை ஒன்பது மணிக்கு முன் துடைக்காமல் திறப்பதில்லை. அதோடு சில்வர் ஓக் மரங்களில் மலைத்தேன் கூடு கட்டியிருக்கிறதா என்று அண்ணாந்து பார்ப்பதையும் தாளில் சேர்த்தேன். அமெரிக்கக் கையேட்டில் அது இல்லை.

முதலுதவி ஒருநாள் வகுப்பு பற்றி ஒரு வார்த்தை. முப்பது அழுத்தம், இரண்டு மூச்சு என்று பொம்மையில் செய்த சி.பி.ஆர். இதுவரை தேவைப்படவில்லை. ஆனால் மரத்திலிருந்து விழுந்த பையனின் முன்கையை இழுத்துப் பார்க்காமல், மடித்த செய்தித்தாளை வைத்துக் கட்டி, 108-ஐக் கூப்பிட்டு அனுப்ப அந்த ஒருநாள் போதுமாக இருந்தது. வாட்ச்மேன்களையும் அனுப்புங்கள். விழும் நேரத்தில் அங்கே இருக்கப்போவது சூப்பர்வைசர் இல்லை.

இன்னும் மேலே போக ஆசைப்படுபவர்களுக்கு: அமெரிக்காவில் 1965-ல் உருவான தேசியப் பொழுதுபோக்கு மற்றும் பூங்காச் சங்கம், விளையாட்டுத் திடல் பாதுகாப்பு ஆய்வாளர் என்று ஒரு தேர்வு வைத்துச் சான்றிதழ் கொடுக்கிறது. மூன்று வருடத்துக்குத்தான் செல்லும், பிறகு திரும்ப எழுத வேண்டும். பூங்கா நிர்வாகத்துக்கு இருக்கும் பொதுச் சான்றிதழையும் இரண்டு வருடத்துக்கு ஒரு தடவை, இத்தனை மணி நேரம் படித்தேன் என்று காட்டிப் புதுப்பிக்க வேண்டும். டாலரில் கட்டணத்தைப் பார்த்து நான் எழுதவில்லை. அந்தக் காலாவதி முறை மட்டும் பிடித்திருந்தது. எங்கள் பெரியவரின் கண்ணாடி போட்ட சான்றிதழுக்குக் காலாவதியே கிடையாது, பயிற்சி கொடுத்த அந்த மூன்று நாள் ஆசாமிக்கும்தான்.

யாருக்கு எதைச் சொல்வேன்? தோட்டக்காரராக இருந்தால் அஞ்சல்வழிப் படிப்பு, கண்ணை மூடிக்கொண்டு சேரலாம். கூலி ஏற வேண்டுமென்றால் ஆர்.பி.எல். பூங்காவைப் பொறுப்பாகப் பார்ப்பவராக இருந்தால் அந்தக் கையேடு, ஒரு அளவு டேப், ஒரு மரக்கட்டை, ஒரு தட்டு. செலவு முந்நூறு ரூபாய்க்குள். நான் இன்னும் தீர்க்காதது ராட்டினம். பேரிங் தேய்ந்து தட்டு ஒரு பக்கம் சாய்கிறது, தரைக்கும் தட்டுக்கும் நடுவே கால் போகும் அளவுக்கு இடைவெளி. இப்போதைக்குச் சங்கிலி போட்டுப் பூட்டியிருக்கிறேன். தினமும் நான்கு பிள்ளைகளாவது வந்து பூட்டை ஆட்டிப் பார்த்துவிட்டுப் போகின்றன.