அஷ்டலட்சுமி நாணயத் தொகுப்பு: தொலைக்காட்சியில் சொன்னதும் சொல்லாமல் விட்டதும்

கட்டணத் தொலைக்காட்சியில் இரவு நேரத்தில் ஓடும் வீட்டு வணிக நிகழ்ச்சியொன்றில் விற்கப்பட்ட அஷ்டலட்சுமி நாணயத் தொகுப்பைப் பற்றியது இந்த மதிப்புரை. தீபாவளிக்கு முந்திய வாரங்களில் திரும்பத் திரும்ப ஒளிபரப்பான அந்நிகழ்ச்சியைப் பார்த்துவிட்டு, சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில் இருக்கும் எங்கள் பெரியப்பா பேரப்பிள்ளைகளுக்கு ஆளுக்கொன்று கொடுக்கலாம் என்று 368 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) செலுத்தி அதை வாங்கினார். நாணயம் சேர்ப்பது என் நீண்டநாள் பழக்கம் என்பதால் பெட்டி என் மேசைக்கு வந்தது. மறுஒளிபரப்பையும் முழுதாகப் பார்த்தேன்.

குறை சொல்லுமுன் நிறையைச் சொல்லிவிடுவது நியாயம். பொருள் சொன்ன நாளில் வந்து சேர்ந்தது. பெட்டி கனமான அரக்குப் பூச்சு மரப்பெட்டி. உள்ளே பட்டுத்துணி விரித்து, எட்டு நாணயங்களும் தனித்தனிப் பிளாஸ்டிக் சிமிழ்களில் பதிக்கப்பட்டிருந்தன. செதுக்கு வேலையும் மோசமில்லை. கஜலட்சுமியின் இருபுறமும் நிற்கும் யானைகளின் துதிக்கைச் சுருக்கம்வரை தெரிகிறது. பூசையறையில் வைக்க அழகான பொருள்தான். அந்த அழகுக்கு என்ன விலை கொடுக்கலாம் என்பதில்தான் வழக்கே இருக்கிறது.

நிகழ்ச்சியை நடத்திய பெண்மணி வாய்கூசாமல் பொய் சொன்னார் என்று என்னால் எழுத முடியாது. “ஒவ்வொன்றும் 28 கிராம்” என்றார். எடை சரியாகவே இருக்கிறது. “24 காரட் தங்கம்” என்றார். பூச்சு 24 காரட் தங்கமாகவே இருக்கலாம். ஆனால் இவ்விரண்டையும் மூச்சுவிடாமல் அடுத்தடுத்துச் சொல்லி, திரையின் மூலையில் அன்றைய தங்க விலையையும் ஓடவிட்டால், பார்ப்பவர் மனத்தில் விழும் கணக்கு 28 கிராம் தங்கத்தின் கணக்காகத்தான் இருக்கும். ‘முலாம்’ என்ற சொல் அரைமணி நேரத்தில் எனக்கு ஒருமுறை மட்டுமே காதில் விழுந்தது, அதுவும் கட்டண முறைகளை விளக்கும் வேகத்தோடு.

சிராங்கூன் சாலைப் பக்கம் பழக்கமான நகைக்கடை ஒன்றில் பெரியப்பாவோடு போய்ப் பெட்டியைக் காட்டினோம். கடைக்காரர் ஒரு நாணயத்தின் விளிம்பை உரைகல்லில் சற்று அழுத்தியே இழுத்தார். மஞ்சளாகக் கோடு விழுந்தது. அதன்மேல் ஒரு சொட்டு அமிலம் விட்டதும் பச்சையாக நுரைத்து, கோடு இருந்த இடம் தெரியாமல் மறைந்தது. “பித்தளைங்க ஐயா. மேலே பூசினதைச் சுரண்டினா என் நகக்கண்ணுக்குக்கூட வராது” என்றார். அவர் மிகைப்படுத்தவில்லை. சான்றிதழில் பூச்சின் தடிமன் குறிப்பிடப்படவில்லை. மலிவான அலங்கார நகைகளுக்குப் போடும் மெல்லிய முலாம் ஒரு மைக்ரானில் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) பத்தில் ஒரு பங்கு அளவே இருக்கும். 38 மில்லிமீட்டருக்குச் சற்று மேற்பட்ட விட்டமுள்ள நாணயத்தின் இரு முகங்களும் விளிம்பும் சேர்ந்து ஏறத்தாழ 27 சதுர சென்டிமீட்டர் பரப்பு. அதில் அந்தத் தடிமனுக்குத் தங்கம் பூசினால் 5 மில்லிகிராம் ஆகும். எட்டையும் சேர்த்தால் 40 மில்லிகிராமைச் சற்றுத் தாண்டும். நம் பத்தர்கள் (பொற்கொல்லர்கள்) கணக்கில் ஒரு குன்றிமணி எடையில் மூன்றில் ஒரு பங்கு. பூச்சு இதைப்போல் ஐந்து மடங்கு தடிமனாக இருந்தாலும் இரண்டு குன்றிமணியை எட்டாது.

அடுத்தது ‘அரசாங்கம் வெளியிட்ட சட்டபூர்வ நாணயம்’ என்ற விளம்பரம். நாணயத்தின் பின்புறம் பசிபிக் தீவு நாடொன்றின் பெயரும் 1 டாலர் என்ற முகமதிப்பும் இருக்கின்றன. நியுவே, குக் தீவுகள், துவாலு போன்ற சிறு நாடுகளின் பெயரில் வெளிநாட்டு அச்சுச்சாலைகள் நினைவு நாணயங்களை வெளியிடுவது புதிதன்று, சட்டவிரோதமும் அன்று. அவற்றுள் உண்மையான வெள்ளியிலும் தங்கத்திலும் அடித்த நல்ல நாணயங்களும் உண்டு. ஆனால் முகமதிப்பு இருப்பதாலேயே உலோகத்துக்கு மதிப்பு வந்துவிடாது. இந்த 1 டாலரைக் கொண்டுபோய் அந்தத் தீவில் ஓர் இளநீர் வாங்கியவரும் இருக்கமாட்டார். இதே உத்தி அமெரிக்காவில் வழக்குவரை போனது. 2004ல் ‘ஃபிரீடம் டவர் வெள்ளி டாலர்’ என்று தொலைக்காட்சியில் 19.95 டாலருக்கு விற்கப்பட்ட பொருள், அமெரிக்காவின் ஆட்சிக்கு உட்பட்ட வடமரியானாத் தீவுகளின் பெயரில் வந்தது. நாணயம் அடிக்கும் அதிகாரமே இல்லாத தீவுகள் அவை. பொருளோ மலிவு உலோகத்தின்மேல் வெள்ளி முலாம் பூசியது. நியூயார்க் மாநிலத் தலைமை வழக்கறிஞர் வழக்குத் தொடுக்க, நீதிமன்றம் விற்பனையை நிறுத்தியது.

நம்மூரில் நாணயம் வெளியிடும் அதிகாரம் மத்திய வங்கியான சிங்கப்பூர் நாணய ஆணையத்துக்கு மட்டுமே உரியது. நாணயம் அடிக்கும் சிங்கப்பூர் மிண்ட் நிறுவனம்கூட முகமதிப்புள்ள நாணயம் வேறு, அது இல்லாத பதக்கம் வேறு என்று பிரித்தே விற்கிறது. 2018 ஜூனில் அமெரிக்க அதிபர் டிரம்ப்பும் வடகொரியத் தலைவர் கிம்மும் இங்கே சந்தித்ததை ஒட்டி வெளிவந்தவை பதக்கங்கள். தங்கத்தில் 1,380 வெள்ளி, வெள்ளி உலோகத்தில் 118 வெள்ளி, நிக்கல் முலாம் பூசிய துத்தநாகத்தில் 36 வெள்ளி. எந்த உலோகத்துக்கு எந்த விலை என்பது வாங்குபவர் கண்ணுக்கு நேரே இருந்தது. தொலைக்காட்சித் தொகுப்பில் நான் தேடியதும் அந்த ஒரு வரியைத்தான்.

‘வரையறுக்கப்பட்ட வெளியீடு’ என்பதைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம். சான்றிதழின்படி உலகெங்கும் 50,000 தொகுப்புகள். இதை அரியது என்பவர் ஈசூன் ரயில் நிலையத்துக் காலைக் கூட்டத்தையும் அரியது என்பார். திரையில் குறைந்துகொண்டே வந்த ‘மிச்சம்’ எண்ணிக்கை மறுஒளிபரப்பிலும் அதே எண்ணில் தொடங்கி அதே வேகத்தில் இறங்கியது. சான்றிதழில் கையெழுத்திட்டிருப்பவர் விற்பனை நிறுவனத்தின் அதிகாரியே. விற்பவர் தமக்குத் தாமே கொடுத்துக்கொண்ட நற்சான்று அது. பற்றாக்குறை என்ற பேச்சு எவ்வளவு எளிதில் விலையேற்றும் என்பதை 2023ல் சிங்கப்பூரின் முதல் பிரதமர் லீ குவான் இயூ நூற்றாண்டு நினைவு நாணயத்தின்போது இங்கேயே பார்த்தோம். முகமதிப்பான 10 வெள்ளிக்கே வங்கிகளில் கிடைத்த அந்த நாணயத்தை இணையத்தில் பலமடங்கு விலைக்குக் கூவினார்கள். ஆணையம் முதலில் திட்டமிட்டதைவிட மிக அதிகமாக அச்சிடுவதாக அறிவித்தது.

‘சந்தை மதிப்பு 1,200 வெள்ளி’ என்று குறுக்குக்கோடு போட்டுக் காட்டினார்களே, அந்தச் சந்தை எங்கே என்று தேடினேன். சிட்டி ஹால் வட்டாரத்தில் பழைய நாணயம் வாங்கி விற்கும் ஒருவர் பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, விலை எதுவும் சொல்லாமல் மரியாதையாக மூடிக் கொடுத்தார்.

பெரியப்பாவின் ரசீதில் இன்னொரு செய்தி இருக்கிறது. 368 வெள்ளியில் 9 விழுக்காடு பொருள், சேவை வரியாக 30.39 வெள்ளி அடங்கியுள்ளது. 2012 அக்டோபர் முதல் முதலீட்டுத் தரத் தங்கம், வெள்ளி, பிளாட்டினத்துக்கு இங்கே அவ்வரி இல்லை; தங்கமானால் 99.5 விழுக்காடு, வெள்ளியானால் 99.9 விழுக்காடு தூய்மை வேண்டும், நாணயமானால் அங்கீகரிக்கப்பட்ட வகைகளுள் ஒன்றாகவும் இருக்க வேண்டும். வரி இருப்பதாலேயே பொருள் போலி என்றாகாது. சேகரிப்பாளர் விரும்பும் பழைய நாணயங்களுக்கும் வரி உண்டு. எனினும் திரையில் ‘முதலீடு’ என்று நாவினிக்கப் பேசிய அதே நிறுவனம், ரசீது போடும்போது மட்டும் அதைச் சாதாரண அலங்காரப் பொருளாகக் கணக்கு வைத்திருக்கிறது.

திருப்பி அனுப்பக் கேட்டபோது, சிமிழ்களைத் திறந்துவிட்டதால் ஏற்க இயலாது என்று வாடிக்கையாளர் சேவையில் பணிவாகவே பதில் சொன்னார்கள். நம் பயனீட்டாளர் பாதுகாப்பு நியாய வர்த்தகச் சட்டம், வாடிக்கையாளர் ஏமாறக்கூடும் வகையில் ஒன்றைச் சொல்வதை மட்டுமின்றி, சொல்லாமல் விடுவதையும் நியாயமற்ற செயலாகக் கருதுகிறது. பெரியப்பாவின் மனுவில் நாங்கள் பிடித்துக்கொண்டதும் அந்தச் ‘சொல்லாமல் விடுவது’ என்ற பகுதியைத்தான். இப்போது அது பயனீட்டாளர் சங்கத்திடம் இருக்கிறது. அங்கே தீராவிட்டால் சிறு கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. 5,000 வெள்ளிக்கு உட்பட்ட பயனீட்டாளர் கோரிக்கைக்குக் கட்டணம் 10 வெள்ளி, வழக்கறிஞர் தேவையில்லை, இரண்டு ஆண்டுக்குள் மனுச் செய்தால் போதும். நிகழ்ச்சியின் ஒளிப்பதிவு, ரசீது, சான்றிதழின் நகல், நகைக்கடைக்காரர் எழுதிக் கொடுத்த சீட்டு ஆகிய நான்கையும் சேர்த்து வைத்திருக்கிறோம்.